மாமனாருக்கு வைத்திருந்த பிளேட்

கண்ணையனிடம் இருந்தது படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட் ஒன்றே ஒன்று. காலடியில் கிடந்தது ஒரு கல். ஓடையைத் தாண்டி அரை மைல் நடந்தால் மாமனார் வீடு. பிளேட் யாருக்கு என்பதுதான் சிக்கல்.

நியாயப்படி அது மாமனாருக்கு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மெட்ராஸ் கடைக்காரனுக்கு எழுதி எழுதி அலுத்து, கடைசியில் அரியலூர்க் கடைவீதியில் இன்னொரு ஸ்டுடியோக்காரர் காலில் விழாத குறையாக வாங்கி வந்தது. அந்த நாளில் போட்டோ என்றால் லேசுப்பட்ட காரியமா? வீடே எண்ணெய் தேய்த்துக் குளித்து, பீரோவில் மடித்து வைத்ததை உடுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு படத்தைச் சட்டம் போட்டு மாட்டினால் பேரன் பேத்திகள் வரைக்கும் அதுதான் தாத்தாவின் முகம். அந்த மரியாதையெல்லாம் எங்கே போயிற்று என்று இன்றைக்கு யாரைப் போய்க் கேட்பது!

அப்படிப்பட்ட தொழிலில் இருந்த கண்ணையனுக்கு மனித முகம் மட்டும் பிடிக்காது. தேன்கூட்டின் ஆறுமூலை அறைகள், சூரியகாந்தியின் நடுவில் சுழன்று நிற்கும் விதைகள், ஏரி வற்றியதும் கட்டம் கட்டமாக வெடிக்கும் சேறு, இவற்றைக் கண்டால் சோறு தண்ணீர் வேண்டாம். மைத்துனன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் பந்தல்காலில் ஒரு சிலந்தி வலை வெயில்பட்டு மின்னியது. கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. படம் கழுவியபோது வலையில் ஓர் இழை பாக்கியில்லாமல் விழுந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் விழவில்லை.

படத்தைப் பார்த்த மாமனார் அழகேசன், விருந்துக்கு வந்திருந்த மகள் ஜானகியைக் கண்ணையனோடு அனுப்பாமல் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"மனுச மூஞ்சி ஒண்ண ஒழுங்கா எடுத்துக் காட்டச் சொல்லு. எம் மூஞ்சியவே எடுக்கட்டும். அப்பறம் பொண்ண அனுப்புறேன்" என்று சொல்லியனுப்பினார்.

ஜானகி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். அதுதான் கண்ணையனை அரித்தது. தன் மேல் அவளுக்கே வெறுத்துவிட்டதோ என்று பயந்தான். அவள் இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஸ்டுடியோ பெஞ்சிலேயே படுத்தான். இரண்டு தடவை, பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கி இந்த ஓடை வரைக்கும் நடந்தும் இருக்கிறான். இரண்டு தடவையும் மாமனாரின் மீசை ஞாபகத்துக்கு வந்து திரும்பிவிட்டான். இன்றைக்குப் பிளேட் இருந்ததால் தைரியமும் இருந்தது. வருவதாக ஜானகிக்கு ஆள் மூலம் சொல்லியும் விட்டிருந்தான்.

வந்த இடத்தில்தான் இந்தக் கல்.

முறத்தின் அகலத்தில் ஒரு நத்தைக் கல். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம், அப்போது நீந்திய பிராணி கல்லாகிக் கிடக்கிறதாம். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து சுருண்டு புறப்பட்ட வரி, சுற்றுக்குச் சுற்று ஒரே கணக்கில் அகன்று ஓரம் வரைக்கும் போயிருந்தது. கண்ணையன் கேமராப் பெட்டியை இறக்கி வைத்தான்.

"சும்மா கேமராவுல வச்சுப் பாப்போம். பிளேட்டத் தொட வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முக்காலியை நட்டான்.

வரியில் மண் அடைத்திருந்தது. கூஜாத் தண்ணீரை ஊற்றிக் கழுவினான். நனைந்த கல் கறுத்துப்போய் வரி இன்னும் மங்கியது. மாமனார் முகத்தில் வேர்வை மின்னாமலிருக்கக் கொண்டுவந்த பவுடர் டப்பா நினைவுக்கு வந்தது. அது பையின் அடியில் இருந்தது. மேலே இருந்த வாழைப்பழச் சீப்பையும், ஜானகிக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தையும் எடுத்துக் கல்லின் பக்கத்தில் வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து பள்ளமெல்லாம் பவுடரைப் பூசினான். சுருள் பளிச்சென்று எழுந்தது.

மாமனார் நாளைக்கும் இருப்பார், இந்த வெயில் இருக்காது. கண்ணையன் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கல்லைப் பார்த்துக் குனிந்தான்.

பெரம்பலூர் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிகள் இதைப் பார்த்துவிட்டன. முதல் வண்டியிலிருந்து முத்தாயி என்ற அம்மாள் இறங்கி வந்தாள்.

"என்ன சாமிங்க இது?"

கண்ணையன் அதற்குள் பிளேட்டைச் சொருகி, லென்ஸ் மூடியைக் கழற்றிக் கையில் உயர்த்தியபடி பிளேட்டில் வெளிச்சம் விழும் நொடிகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். தலையை மட்டும் ஆட்டினான்.

"மவுன விரதம் போலருக்கு" என்று முத்தாயி பின்னால் வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, நேரே போய் லென்ஸுக்கும் கல்லுக்கும் நடுவில் விழுந்து கும்பிட்டாள்.

"ஐயோ, போச்சே!"

"அருள் வந்துடுச்சு அவருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

"அம்மா, இது சாமியில்லம்மா. நத்தை!"

"நத்தை ரூபத்துலயா வந்திருக்கா?"

"லட்சக்கணக்கான வருசத்துக்கு முன்னாடி செத்த நத்தைம்மா!"

"கேட்டீங்களா, லட்ச வருசத்து சாமியாம்!" மிச்ச வண்டிகளும் காலியாயின.

பவுடரால்தான் இந்த வினை என்று கண்ணையன் துண்டை எடுத்துத் துடைத்தான். பிரசாதம் கொடுக்கிறார் என்று துண்டைப் பிடுங்கி உதறி, ஆளாளுக்கு நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

"வாசனையப் பாரு! நம்மூர்த் திருநீறு இப்படியா மணக்குது?"

வாழைப்பழம் விநியோகமாயிற்று. மல்லிகைச் சரம் கல்லின் மேல் ஏறிற்று. அரும்பாவூர்க்காரர் பிச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எங்கூர்ல மழை கண்டு வருசமாச்சு. ஒரு கை புடிங்கப்பா, வண்டியில ஏத்திடுவோம்."

கண்ணையனுக்கு உயிரே போய்விட்டது. "தொடாதீங்க! இது இங்கதான் இருக்கணும்!"

பிச்சைமுத்து சட்டென்று கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவாயிடுச்சு. அப்ப வெள்ளிக்கு வெள்ளி நாங்க வரோம். பூசாரி, நீங்க தவறாம இருக்கணும்."

ஒருவழியாக வண்டிகள் போயின. கண்ணையன் கேமராப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிளேட்டில் இருந்தது கல்லும் இல்லை, மாமனாரும் இல்லை, முத்தாயியின் முதுகு. பழமும் பூவும்கூடப் போய்விட்டன. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஜானகியைக் கூப்பிடுவது? கண் கலங்கிவிட்டது. முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினான்.

ஊர்ப்பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி ஓடையில் இறங்கியது. ஓட்டி வந்தவன் மாமனார் வீட்டு வேலையாள் மாயவன்.

"எங்கங்க ஐயா கெளம்பிட்டீங்க?"

"ஊருக்குத்தான். என்னப் பாத்ததா மாமாகிட்டச் சொல்லிடாத மாயவா."

"பெரியவரு எங்கங்க இருக்காரு? காலையிலயே சந்தைக்குப் போயிட்டாரு."

கண்ணையன் அப்போதுதான் வண்டிக்குள் பார்த்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. மாயவன் இறங்கி வந்து, பூவும் பவுடருமாக இருந்த கல்லை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான்.

"கும்பிட்டாச்சுன்னா இதயும் ஏத்திடவாங்க? மாட்டுக் கொட்டாய்ல கெடந்தத நேத்து இங்க கொண்டாந்து போடச் சொன்னதே ஜானகியம்மாதான். 'இதக் கண்டாத்தான் அவரு திரும்பிப் போவாம நிப்பாரு, நான் போயி சேந்துக்குவேன்'னாங்க, தோ, பின்னாலதான் நடந்து வராங்க."