தீர்த்தகிரி அடையாளம் சொன்ன வண்டிகள்

“வண்டி ஒண்ணு வருது. யாருதுன்னு பாத்துச் சொல்லுடா!” வைக்கோல் போர் மேல் நின்ற மகனைப் பார்த்துக் கத்தினார் மாதையன்.

தீர்த்தகிரி பட்டாளத்தில் டாங்கிப் படை. இருட்டில் கண்ணாடிக்குள் பச்சையாய்க் கலங்கித் தெரியும் உருவத்தை வைத்தே, வருவது நம் வண்டியா எதிரி வண்டியா என்று சொல்வது அவன் வேலை. தங்கச்சி பாஞ்சாலியின் நிச்சயத்துக்கு லீவில் வந்தவனுக்கு இங்கேயும் அதே வேலைதான். பென்னாகரத்துச் சம்பந்திகள் வேனில் வர வேண்டும். ஆனால் அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்பும் ஆபரேஷனுக்கு ஆள் தேடிக் கடத்தூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

புழுதிக்குள் வண்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது. அவனுக்கு அது போதும்.

“அப்பா, கு.க. ஜீப்புங்க!”

“நல்லாப் பாத்தியாடா?”

“பாகிஸ்தான் டாங்கியவே பாத்துச் சொன்னவனுங்க நானு!”

அவ்வளவுதான். பந்தலில் இருந்த ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளக்கொல்லைக்குள் பாய்ந்தார்கள். கல்யாணமே ஆகாத தீர்த்தகிரிதான் முதல் ஆள். அவன் அம்மா ராணியம்மாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்களோடு பக்கத்து வீட்டுக்குள் புகுந்துகொண்டாள்.

ஜீப் ஆட்களை இறக்கிவிட்டு ஊருக்குள் போனது. இறங்கியவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டதாகச் சத்தத்திலிருந்து தெரிந்தது. தலையை நீட்டிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

“போகமாட்டேங்கறாங்களேடா. சம்பந்திங்க வந்தா மாப்பிள்ளையயே புடிச்சிட்டுப் போயிருவாங்களே!” மாதையனுக்கு அழுகை வந்தது.

“ரோட்டுலயே மறிச்சிருவோம், வாங்க.”

கொல்லைக்குள் குனிந்தபடியே ரோட்டுக்குப் போனார்கள். ஓடும்போது கையோடு எடுத்து வந்த மாலை மாதையனிடம் இருந்தது. தூரத்தில் புழுதி கிளம்பியது.

“வேனுங்கப்பா! நம்ம வண்டிதான்!”

வேனை நிறுத்தி, முதலில் இறங்கிய மூக்குக்கண்ணாடிக்காரர் கழுத்தில் மாதையன் மாலையைப் போட்டார். தீர்த்தகிரி அவர் காதோரம் குனிந்தான்.

“மாமா, வூட்டுப் பக்கம் வந்துராதீங்க. கு.க. கும்பல் பந்தல்ல குந்தியிருக்கு. கத்தியும் கையுமா அலையறானுங்க, பாவிங்க!”

பின்னாலேயே தகரப்பெட்டியோடு இறங்கிய கம்பவுண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாலை போட்டது எங்க டாக்டருக்குங்க. நடுவழியில உங்க சம்பந்திங்க வந்த இந்த வேன் சூடாகி நின்னுபோச்சு, நல்ல நேரம் தப்பிரும்னு அவங்கள எங்க ஜீப்புல அனுப்பி வெச்சோமே, வந்து சேந்தாங்களா?”