பின் சீட்டில் ஒரு சிலிண்டர்

அடுப்பு 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மேலே இருந்த கறி அரைவேக்காட்டில் நின்றது.

"என்னங்க! கேஸ் தீந்துடுச்சு!"

மனைவி போட்ட கூச்சலில் வாத்தியார் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டினார்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் அல்ல. கேஸ் லாரி ஓட்டுநர்களுக்குப் பாடம் நடத்துகிறவர். எரிவாயுவை எப்படி ஏற்றுவது, எப்படிக் கட்டுவது, எங்கே நிறுத்தக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'ரூல்ஸ் வாத்தியார்'. பயிற்சி நிலையத்தின் தலைமைப் பதவி காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப்போகிற புது இயக்குநர் அம்மாள்தான் இன்று மதியம் அவர் வீட்டில் விருந்தாளி.

"என் தம்பி வீட்டுல ஒரு சிலிண்டர் சும்மா கிடக்கு. ஆட்டோல வெச்சு எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள் மனைவி.

"ஆட்டோவா? ஆளு ஏத்தற வண்டியில சிலிண்டரா? நான் என்ன பாடம் நடத்தறேன்னு தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும். அந்தப் பாடத்துமேல பாத்திரம் வெச்சா கொதிக்குமா? கிளம்புங்க!"

மைத்துனன் தன் காரையே கொடுத்தான். சிலிண்டரைப் படுக்கவைக்கப் போனவனை வாத்தியார் ஒரு அதட்டல் போட்டார்.

"நிக்கணும்! கேஸ் சிலிண்டர் எப்பவும் நின்னுட்டுத்தான் போகணும்!"

பின் சீட்டில் அதை நிற்கவைத்து, சீட் பெல்ட் மாட்டி, துணி காயப்போடும் கயிற்றால் நாலு சுற்று சுற்றினார். ஜன்னல்களை எல்லாம் இறக்கினார். ஒரு அட்டையில் 'எரிவாயு! தள்ளி வா!' என்று சிவப்பில் எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டினார்.

"மாமா, நானும் கூட வரேன். இந்த வண்டியில ஒரு விஷயம்..."

"டிரைவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. அது விதி."

"அதில்ல மாமா, வண்டி வந்து..."

"இருபது வருஷமா வண்டியப் பத்திப் பாடம் நடத்தறவன்டா நான். எனக்கே பாடமா?"

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கேஸ் ஏற்றினால் போன் பேசக்கூடாது. அதுவும் விதி.

வண்டி ஆமை வேகத்தில் ஊர்ந்தது. பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. 'பெட்ரோல்கூடப் போடாத கஞ்சன்' என்று மைத்துனனைத் திட்டிக்கொண்டே கடைத்தெருவுக்குள் நுழைந்தார். சிக்னலில் நின்றபோது மூக்கு விடைத்தது.

கேஸ் வாசம்!

வாத்தியாருக்கு ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. இருபது வருடம் கரும்பலகையில் போட்ட படம் இதோ நடுத்தெருவில் நிஜமாகிவிட்டது! என்ஜினை அணைத்தார். கயிற்றை அவிழ்த்தார். சிலிண்டரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, நூறு அடி தள்ளியிருந்த காலி மனைக்கு ஓடினார். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, நடுச்சாலையில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"யாரும் வரக்கூடாது! வண்டிய ஆஃப் பண்ணுங்க! பேக்கரி, அடுப்ப அணை! வெல்டிங், கைய எடு!"

தெருவே கதிகலங்கிவிட்டது. சலூனிலிருந்து பாதி மீசையோடு ஒருவர் ஓடிவந்தார்.

"மீதிய எப்பய்யா எடுக்கறது?"

"உயிர் முக்கியமா, மீசை முக்கியமா?"

"நாளைக்கு எனக்குக் கல்யாணம்யா!"

யாரோ தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். தீயணைப்பு வண்டியும் கிளம்பியது. ஆனால் வாத்தியார் நிறுத்திவைத்த வண்டிகள் இரண்டு தெருவுக்கு நீண்டிருந்ததால் அது கோடியிலேயே நின்று ஊளையிட்டது. வீரர்கள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்கள்.

வாத்தியார் காருக்குத் திரும்பினார். வாசம் போகவில்லை. சட்டையை முகர்ந்தார். 'சிலிண்டரைக் கட்டிப்பிடித்தோமே, ஒட்டிக்கொண்டிருக்கும்' என்று சட்டையைக் கழற்றி எறிந்தார். அப்போதும் போகவில்லை. பனியனை முகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நீங்கதானே ரூல்ஸ் வாத்தியார்?"

இயக்குநர் அம்மாள்! வியர்த்து விறுவிறுத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன். அரை மணி நேரமா என் கார் நகரல. யாரு ரோட்ட மறிச்சதுன்னு கேட்டா, எல்லாரும் பனியன் போட்டவரைக் காட்டறாங்க."

பதவி போயிற்று என்றே வாத்தியார் முடிவுகட்டிவிட்டார். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். சொல்லச் சொல்ல அம்மாளின் முகம் மலர்ந்தது.

"ஒரு சிலிண்டருக்கே இவ்வளவு கவனமா? ஊரே திட்டினாலும் விதியை விடலையே! தலைமைப் பதவிக்கு இனி வேற ஆளையே பாக்கப்போறதில்ல. நாளைக்கே ஆர்டர்!"

வாத்தியாருக்குத் தரையில் கால் பாவவில்லை. "வெயில்ல நிக்காதீங்க மேடம். சிலிண்டர் அங்க இருக்கு, இங்க பயமே இல்ல. உள்ள உக்காருங்க."

அம்மாள் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். வாத்தியார் கண்ணாடிகளை ஏற்றி, என்ஜினைப் போட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்தார்.

காலி மனையிலிருந்து தீயணைப்பு வீரர் கத்தினார். "சார்! சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தாச்சு! ஒரு குமிழிகூட வரல! சிலிண்டர் சுத்தமா இருக்கு!"

அம்மாள் மூக்கைச் சுருக்கினார். "அப்படின்னா இங்க ஏன் இவ்வளவு வாசம் அடிக்குது?"

அந்த நேரம் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, மூச்சிரைக்க மைத்துனன் வந்து விழுந்தான்.

"போனை ஏன் மாமா அணைச்சீங்க? இந்தக் காரே கேஸ்லதான் ஓடுது! அந்தம்மா சாஞ்சிருக்கற சீட்டுக்குப் பின்னாலதான் டாங்க்!"