பிரேக் எவ்வளவு பிடிக்கவில்லை

உலகில் அளக்க முடியாதது என்று எதுவும் இல்லை. இதுவரை அளக்காமல் விட்டவை மட்டுமே இருக்கின்றன. இந்த மகத்தான உண்மையை மனித குலத்துக்கு நிரூபித்துக் காட்டிய பெருமை குடிநீர் வாரியத்தின் அளவைக் கோட்ட அலுவலகத்தையே சேரும். அங்கே நடைக்கூடத்தில் ஒரு குழாய் ஆறு வருடமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. வேறு அலுவலகமாக இருந்தால் வாஷரை மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள். இங்கே அதற்கு ஒரு மீட்டர் பொருத்தினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்பது இன்று மூன்று தசம இடம் வரை தெரியும். குழாய் சொட்டுவது நிற்கவில்லைதான். ஆனால் இனி அது யாருக்கும் தெரியாமல் சொட்ட முடியாது.

இப்படிப்பட்ட அலுவலகத்தில் போய்த்தான், சைக்கிளில் பிரேக் பிடிக்கவில்லை என்று தபால் அக்கா எழுதிக் கொடுத்தார்.

தபால் அக்கா என்பது அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர். மேட்டில் இருக்கும் நீர்த்தேக்க அலுவலகத்துக்கும் அடிவாரத்தில் இருக்கும் கோட்ட அலுவலகத்துக்கும் நடுவே தினமும் இரண்டு நடை கோப்புகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவர் வேலை. ஏறும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இறங்கும்போது சைக்கிள் அவரைத் தள்ளிக்கொண்டு வரும். முன் பிரேக் அறவே பிடிக்காது. பின் பிரேக் மனமிருந்தால் பிடிக்கும். மீதியை இடது கால் செருப்பு பார்த்துக்கொண்டது. மாதம் ஒரு செருப்பு தேய்ந்தது, இடது மட்டும். வீட்டு வாசலில் ஐந்து வலது செருப்புகள் புத்தம் புதிதாக வரிசையில் கிடந்தன.

அவருடைய கணவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

"நாலு ரப்பர் கட்டை. அஞ்சு நிமிஷ வேலை. வண்டியை இப்படித் திருப்பு" என்றார் அவர், ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு.

"தொட்டுடாதீங்க. சீல் இருக்கு."

இருந்தது. கம்பி கோத்து ஈயத்தை அழுத்திய முத்திரை, பிரேக்குக்கு ஒன்றாக இரண்டு.

"பிரேக்குக்கு எதுக்குடி சீல்?"

"மீட்டருக்கு வைக்கிறாங்க, பீரோவுக்கு வைக்கிறாங்க, இதுக்கும் வைக்கிறாங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் பஞ்சர் ஒட்டினதுக்கே மெமோ வாங்கினார். வாரியத்தோட சக்கரத்துல வெளியார் காத்தை அடைச்சாராம்."

"அப்ப சீல் உடையக் கூடாது, நீ உடைஞ்சா பரவாயில்லை?"

"அதுக்குத்தான் எழுதிக் குடுக்கப் போறேன். நீங்க பேசாம இருங்க."

விண்ணப்பம் மிகச் சுருக்கமாக இருந்தது. அதுதான் அதன் முதல் குறை. கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது முறை படித்தார்.

"பிரேக் பிடிக்கலைன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு பிடிக்கலை?"

"சுத்தமா பிடிக்கலை சார்."

"சுத்தமாங்கிறது ஒரு அளவாக்கா?"

அக்கா யோசித்தார். "வேகமா வர்றப்ப நிக்க மாட்டேங்குது சார்."

"வேகமான்னா? பத்தா, இருபதா, முப்பதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு கருணை தெரிந்தது. "பாத்தீங்களா. உங்களுக்கே தெரியலை. தெரியாத ஒரு விஷயத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மறுக்க முடியாத வாதம். அன்று மாலையே 'மிதிவண்டி வேக அறிதல் குழு' அமைக்கப்பட்டது. கோட்டப் பொறியாளர் தலைவர், கண்காணிப்பாளர் செயலாளர், இளநிலைப் பொறியாளர் தொழில்நுட்ப உறுப்பினர். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் குழுவில் இல்லாததால், நடுநிலைமைக்குக் குறைவே இல்லை.

சைக்கிள் கணினி ஒன்று வாங்குவதென்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. கம்பி உள்ளதா, கம்பி இல்லாததா என்பதில் மட்டும் மூன்று மாதம் கழிந்தது.

"கம்பி இருந்தா அறுந்துபோகும். அறுந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார் கோட்டப் பொறியாளர்.

"கம்பி இல்லைன்னா, அறுந்துதா இல்லையான்னு எதைப் பாத்துச் சொல்றது?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

இளநிலைப் பொறியாளர் இணையத்தில் முந்நூற்றுப் பதினேழு பேருடைய மதிப்புரைகளைப் படித்திருந்தார். மழையில் நனைந்தால் தாங்குமா, வெயிலில் திரை தெரியுமா, கையுறை போட்ட விரலால் பொத்தானை அழுத்த முடியுமா என்று ஒப்பீட்டு அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார். தபால் அக்காவிடம் கையுறை கிடையாது. என்றாலும் எதிர்காலத்தை நினைத்து அந்தப் பத்தியை வைத்துக்கொண்டார்கள். எட்டாவது மாதத்தில், இருபத்து நான்கு வேலைகள் செய்யும் ஒரு கம்பியில்லாக் கணினி வந்து சேர்ந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதனுடன் வந்த விளக்கப் புத்தகம் அதைவிடக் கனமாக இருந்தது.

இளநிலைப் பொறியாளர் அக்காவுக்கு அதைக் காட்டினார். "இப்ப இருக்கிற வேகம், சராசரி வேகம், உச்ச வேகம், போன தூரம், எரிச்ச கலோரி, வெப்பநிலை எல்லாம் சொல்லும்."

"ரொம்ப நல்லது தம்பி. இருபத்து நாலுல நிறுத்தற வேலை ஏதாவது இருக்கா?"

"இருக்குக்கா. வண்டி நின்னா இதுவும் தானா நின்னுடும்."

பொருத்தும் விழாவை மொத்த அலுவலகமும் பார்த்தது. முன் சக்கரத்தின் கம்பி ஒன்றில் ஒரு காந்தம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஓர் உணரி, கைப்பிடியில் திரை. காந்தம் ஒரு முறை கடந்தால் ஒரு சுற்று. சுற்றளவைச் சொன்னால் மீதிக் கணக்கைக் கருவியே போட்டுக்கொள்ளும். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடைக்கூடத்தில் ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தார்கள். ஐந்து பேர் அளந்தார்கள். ஐந்து விடை வந்தது. ஐந்தையும் சராசரி எடுத்து, ஐவரும் கையெழுத்திட்டார்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டபோது திரையில் எண்கள் ஓடின. கைதட்டல் எழுந்தது. அக்காவும் தட்டினார், பொய் சொல்வானேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கோட்டப் பொறியாளர் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"இது என்ன, லேசா உரசுது?"

"பின் பிரேக் சார்" என்றார் அக்கா. "அது ஒண்ணுதான் ஏதோ கொஞ்சம் பிடிக்குது."

"அப்ப அளவு தப்பா வருமே."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்டர்களோடு வாழ்ந்தவர்களுக்கு இதில் இரண்டாம் கருத்து இருக்க முடியாது. அளவைக் கையேடு, விதி பதினான்கு: சோதனைக் காலத்தில் வால்வு முழுவதும் திறந்திருக்க வேண்டும், ஓட்டத்தைத் தடுக்கும் எதுவும் இருத்தல் ஆகாது. முப்பது வருடமாக அவர்கள் எந்தக் குழாயையும் அப்படித்தான் சோதித்தார்கள். இளநிலைப் பொறியாளர் ஈய முத்திரையை வெட்டினார். பிரேக்கை முழுக்கத் தளர்த்தினார். யாரும் அதை மீண்டும் இறுக்கிவிடாதபடி புது முத்திரை வைத்தார்.

"சார், இறக்கத்துல நான் எப்படி வர்றது?"

"பதினஞ்சு நாள்தானேக்கா. அளவு கைக்கு வந்துட்டா உங்க பிரேக் கட்டையை யார் தடுக்கப் போறாங்க?"

அக்காவுக்குப் புத்தி இருந்தது. முதல் நான்கு நாள் இறக்கத்திலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். ஐந்தாம் நாள் கண்காணிப்பாளர் பதிவேட்டைப் பார்த்துத் திகைத்தார்.

"உச்ச வேகம் நாலரைன்னு இருக்கு. என்னக்கா இது?"

"நடந்து வந்தேன் சார்."

"மிதிவண்டி எதுக்குக் குடுத்திருக்கு? இப்படித் தரவைக் கெடுத்தா, பிரேக் தேவையே இல்லைன்னு அறிக்கை போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஏறி உக்காந்து வாங்க."

அன்று வீட்டில் கணவர் ஸ்பேனரோடு சைக்கிளின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "நானே உன் பின்னாடி கயிறு கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு காலுக்கும் லாரி டயரில் வெட்டிய செருப்பு தைத்துக் கொடுத்தார்.

அந்தச் செருப்பால் ஒன்பது நாள் ஓடியது. பதினெட்டு, இருபத்து நான்கு, இருபத்தொன்பது என்று எண்கள் வளர்ந்தன. இளநிலைப் பொறியாளர் வரைபடம் போட்டார். கோடு மேலே ஏற ஏற, கோட்டப் பொறியாளரின் முகம் மலர்ந்தது.

பதினைந்தாம் நாள் இறுதி அளவை நேரில் பார்ப்பதற்காகக் குழு மூவரும் கோட்ட அலுவலக வாசலுக்கே வந்து நின்றார்கள். வாசலின் நட்டநடுவே, கையில் குறிப்பேட்டுடன். இரவில் பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது. ஈரத்தில் டயர் செருப்பு வழுக்கும் என்பது விளக்கப் புத்தகத்தில் இல்லை. மேட்டின் வளைவில் அக்கா தெரிந்தார். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கோப்புப் பை முதுகில் பறக்க, அவர் வந்த வரவைப் பார்த்துக் குழு நெகிழ்ந்தது.

"விலகுங்க! சார், விலகுங்க!"

"எவ்வளவு காட்டுதுக்கா?" என்று குரல் கொடுத்தார் கோட்டப் பொறியாளர். ஒருவரும் அசையவில்லை.

அக்கா கைப்பிடியைத் திருப்பினார். வாசலின் இடப்பக்கத்தில் கழித்துப்போட்ட பழைய மீட்டர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சைக்கிள் அதில் போய்த்தான் நின்றது. கருணையே வடிவான கம்பியில்லாக் கணினி, சொன்னபடி தானும் நின்றது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அக்காவுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் வந்தார். கட்டிலருகே இருந்த கணவர் எழுந்து நாற்காலி கொடுக்கவில்லை. அதனால் நின்றுகொண்டே பேசினார்.

"நாற்பத்தொண்ணு புள்ளி மூணுக்கா. எந்தக் கோட்டத்துலயும் இவ்வளவு சுத்தமா ஒரு அளவு எடுத்தது இல்லை. தலைமை அலுவலகத்துலேர்ந்து பாராட்டிக் கடிதம் வருது."

"பிரேக் கட்டை சார்?"

"இன்னொரு சோதனையும் இதேபோல வந்துட்டா உறுதி ஆயிடும். கை சரியாகட்டும், அவசரமே இல்லை. இப்போதைக்கு இந்த விபத்துப் படிவத்தை மட்டும் நிரப்பிக் குடுத்துடுங்க. ஒண்ணு சொல்றேன், பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. எத்தனை, எவ்வளவுன்னு இருக்கணும்."

நல்லவேளை, வலது கைக்கு ஒன்றுமில்லை. கணவர் அட்டையைப் பிடித்துக்கொள்ள, அக்கா நிதானமாக எழுதினார். பெயர், பதவி, தேதி, வேகம். ஏழாவது கேள்வி: 'விபத்தின்போது பிரேக்குகள் வேலை செய்தனவா?' அதில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, சொன்னபடியே அளவு பிசகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்:

'சைக்கிளில் இருந்த இரண்டும் செய்யவில்லை. அலுவலகத்தில் இருக்கும் மூன்றும் எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை செய்கின்றன.'