மூவாயிரம் மீட்டர் ஸ்டோர் ரூம்

மலை ஏறியவர்கள் உலகில் ஏராளம். மலையையே கீழே இறக்கி, பழைய பந்துகளும் கிழிந்த வலையும் கிடந்த ஸ்டோர் ரூமுக்குள் அடைத்த பெருமை, குடிநீர் வழங்கல் அலுவலகக் கால்பந்து அணியின் நிர்வாகக் குழுவையே சாரும். இந்தச் சாதனை வரலாற்றில் இடம்பெறாமல் போனால் நஷ்டம் வரலாற்றுக்குத்தான்.

அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருந்தது. காரணத்தை ஆராய்ந்த குழு, ஆட்டக்காரர்களுக்கு உயரம் போதவில்லை என்று கண்டுபிடித்தது. ஆளின் உயரம் அல்ல, இடத்தின் உயரம். மலை மேல் ஆக்ஸிஜன் குறைவு. அதில் பழகியவன் கீழே வந்தால் குதிரை மாதிரி ஓடுவான். ஆகவே ஓர் இயந்திரம் வந்தது. ஆக்ஸிஜனைக் குறைத்த காற்றை அது குழாய் வழியாக அறைக்குள் அனுப்பும். கதவில் 'கடல் மட்டத்திலிருந்து 3000 மீட்டர்' என்று பலகை மாட்டினார்கள். செருப்பை 'மலையடிவாரத்தில்' கழற்றிவிட வேண்டும். தினமும் மாலையில் பதினெட்டுப் பேரும் இரண்டு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து 'உயர்ந்து' வந்தார்கள்.

உயராதவர் ஒருவர்தான், கோல்கீப்பர். பட்டப்பெயர் 'பூட்டு'. ஒன்பது ஆட்டங்களில் முப்பத்தொரு கோல் உள்ளே போன பிறகும் நண்பர்கள் அதை மாற்றவில்லை. ஆறு வருடமாக அலுவலகத்தில் தற்காலிகக் குழாய்ப் பழுதாளர். இந்த வருடத்துக் கடைசி ஆட்டம் வரை அணியில் இருந்துவிட்டால் வேலை நிரந்தரம். அந்த ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அறையில் 'அறிகுறிப் பதிவேடு' ஒன்று உண்டு. உள்ளே இருந்தபோது உடம்புக்கு என்ன செய்தது என்று அதில் எழுத வேண்டும். தலைசுற்றல் என்றால் ஒரு முட்டை. வாந்தி வருகிற மாதிரி இருந்தது என்றால் இரண்டு. முன்கள வீரர் 'மின்னல்', பனிச்சரிவில் சிக்கி மீண்டதாக எழுதி நான்கு முட்டை வாங்கினார். பூட்டு மட்டும் மூன்று மாதமும் 'ஒன்றுமில்லை' என்றே எழுதி வந்தார்.

“அண்ணே, லேசா தள்ளாடிக் காட்டினா கொறஞ்சா போயிடுவீங்க?” என்றார் மின்னல்.

“மூச்சு நல்லாத்தானேப்பா வருது.”

“எங்களுக்கு மட்டும் வரலையா? அதை வெளிய சொல்லிக்கிட்டா திரியிறோம்?”

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. 'தொண்ணூறு நாள் ஏற்றியும் ஏறாத காரணத்தால் மேற்படி நபர் அணியிலிருந்து நீக்கப்படுகிறார்.'

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

“மூச்சு விட்டதுக்கா தூக்கிட்டாங்க?”

“ஆமா.”

“திருடினீங்களா, குடிச்சீங்களா? ஆறு வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் காத்திருந்தது இதுக்குத்தானா?”

அன்றுதான் முதல்முறையாகப் பூட்டுக்கு மூச்சு முட்டியது. பதிவேடு பக்கத்தில் இல்லை.

மறுநாள் மாலை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, காற்று எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, ஏணியைப் போட்டு மேலே ஏறிக் குழாயைத் தடவிக்கொண்டே போனார். அது ஸ்டோர் ரூமில் இறங்கவே இல்லை. அதைத் தாண்டிப் போய், சுவரைத் துளைத்துக்கொண்டு, அடுத்த அறைக்குள் இறங்கியிருந்தது. குழாய் போட்டது குடிநீர் வழங்கல் அலுவலகத்து ஆட்கள். ஒரு தெருவுக்கு உத்தரவு வாங்கி அடுத்த தெருவில் குழாய் போடுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

அடுத்த அறை, நிர்வாகக் குழு தினமும் மாலையில் கூடும் அறை. வீரர்கள் மூன்று மாதமாகத் தரைமட்டத்தில் இருந்து முட்டை சாப்பிட்டிருக்கிறார்கள். மூவாயிரம் மீட்டரில் உட்கார்ந்திருந்தது குழு.

பூட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்ட அறைக்குள் ஓடினார்.

“ஐயா, தப்பு உங்க மேல இல்லைங்க! உங்க மூளைக்குக் காத்தே போகலைங்க!”

விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

“அதான் மூணு மாசமா கொட்டாவியா வருது” என்றார் பொருளாளர்.

“நான் வேலைப்பளுன்னு நெனச்சேன்” என்றார் செயலாளர். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு அனுபவமில்லை.

தலைவர் நியாயஸ்தர். “மூச்சுத் திணறல்ல எடுத்த முடிவு செல்லாது. மெஷினை நிறுத்துங்க, ஜன்னலைத் திறங்க. மூளை தெளிஞ்சதும் புதுசா விசாரிப்போம்” என்றார்.

குழுவினர் ஏழு பேரும் ஜன்னலோரம் வரிசையாக நின்று ஒரு மணி நேரம் ஆழமாக மூச்சு இழுத்தார்கள். அணியின் டாக்டர் ஒவ்வொருவர் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்து, ஆக்ஸிஜன் முழு அளவில் இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார். பூட்டு மனைவிக்குப் போன் போட்டு, “பயப்படாதே, எல்லாருக்கும் காத்து வந்துடுச்சு” என்றார்.

விசாரணை தொடங்கியது.

“மலையே இல்லாத ரூம்ல மத்த பதினேழு பேருக்கும் தலை சுத்தியிருக்கு. ஒத்துக்கறீங்களா?” என்று கேட்டார் தலைவர்.

“பதிவேட்டுல அப்படித்தாங்க இருக்கு.”

“குழு மேல இருக்கிற நம்பிக்கையிலயே அவங்களுக்குச் சுத்தியிருக்கு. உங்களுக்கு ஏன் சுத்தலை?”

பூட்டு பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

“பாருங்க, இப்பவும் எப்படி மூச்சு விடறார்னு!” என்றார் செயலாளர்.

நீக்கம் ஒருமனதாக உறுதி செய்யப்பட்டது. பழைய தீர்மானத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதற்கு நாம் காற்றைக் குறை சொல்லலாம். இரண்டாவது முழு ஆக்ஸிஜனில் நிறைவேறியது. டாக்டர் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.