அரிசிமணி அளவுக் கடற்குதிரை

மாபினி, பத்தாங்காஸ்
செவ்வாய்க்கிழமை

கடலுக்கு அந்தப் பக்கம் மிண்டோரோவில் நலமாக இருக்கும் என் அக்கா எப்பிஃபானியாவுக்கு, உன் கையை எடுத்து என் நெற்றியில் வைத்து வணங்கித் தம்பி மக்காரியோ எழுதுவது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது நங்கூரக் கயிறு போலக் கீழே இறங்குகிறது. ஓர் எழுத்து தேங்காய் அளவு, பக்கத்து எழுத்து கடுகு அளவு. இந்தப் பக்கத்துக்கே இரண்டு காலைகள் ஆகிவிட்டன. ஆனாலும் அக்கா, எழுபத்தோரு வயதில் நானே எழுதும் முதல் கடிதம் இது! இதுவரை என் பெயரில் உனக்கு வந்தவை எல்லாம் கோயில் மணியடிக்கும் பெபிங் எழுதியவை. அவற்றில் இருந்த பக்தி முழுக்க அவனுடையது. நான் சொன்னது பன்றி குட்டி போட்ட செய்தி மட்டும்தான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. மணிலாவிலிருந்து வரும் என் முக்குளிப்புக் கூட்டாளிகள் மூவரை உனக்குத் தெரியும். கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற கேப்டன் டியோஸ்டாடோ, பல் டாக்டரம்மா ரெமெடியோஸ், இரும்புக்கடைச் சுவா. மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள், மூவரிடமும் சோற்றுப்பானை அளவுக் கேமராக்கள். அந்தப் பானைகளைக் கட்டிக்கொண்டு அவர்கள் தேடுவதெல்லாம் நகக்கணு அளவு இறால், மிளகு அளவு நண்டு. கண்டுபிடிப்பது என் வேலை. கண்டதும் முதுகில் கட்டிய காற்றுக் குப்பியில் குச்சியால் டங் டங் என்று தட்டுவேன், குச்சியை நீட்டுவேன், அவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து படம் எடுப்பார்கள். மாபினியிலேயே கூர்மையான கண் என்று எனக்குப் பெயர்.

அந்தக் கண் மூன்று வருஷங்களாக வேலை செய்யவில்லை, அக்கா. கையெட்டும் தூரத்தில் பல்லியைவிடச் சின்னது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பூச்சி எந்த வீட்டில் குடியிருக்கும் என்று முப்பது வருஷப் பழக்கத்தில் தெரியும். வீட்டைக் காட்டுவேன், குடியிருப்பவனை அவர்கள் கேமரா பார்த்துக்கொள்ளும். போன பருவத்தில் கடல் விசிறி என்னும் ஒரு சிவப்புப் பவளத்தில், அரிசிமணி அளவுக் கடற்குதிரை இருந்தே ஆகவேண்டிய ஒரு முடிச்சின்மேல் குச்சியை நீட்டினேன். மூவரும் படம் எடுத்தார்கள். படகில் ஏறியதும் டாக்டரம்மா, "ஐயோ, என்ன அழகு! பார்த்தீங்களா கேப்டன்?" என்றார். "பார்க்காம என்ன, வால் சுருட்டிட்டு இருந்துச்சே," என்றார் கேப்டன். "என்னைப் பார்த்து முறைச்சுது," என்றார் சுவா. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு மாதா கோயில் கூடத்தில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே டீச்சர் லூர்தெஸ், "காரியோ ஐயா, புத்தகத்த எதுக்கு அவ்வளவு தூரத்துல பிடிக்கிறீங்க? அது உங்களைக் கடிக்காது," என்று தன் பழைய கண்ணாடியைக் கொடுத்தார். வேறொருவர் கண்ணுக்கு அளந்த கண்ணாடி, போட்டால் தரை மிதக்கும். அதைப் போட்டுத்தான் என் பெயரை எழுதப் பழகினேன்.

போன வெள்ளிக்கிழமை மூவரும் படம் ஒட்டிய ஒரு பலகையோடு வந்தார்கள். மறுநாள் அவர்கள் சங்கத்தின் கண்காட்சி. நடுவில் மாட்டப்போகும் படம் கேப்டன் எடுத்த அந்தக் கடல் விசிறி, கதவு அளவுக்கு. கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்: கண்டுபிடித்தவர் மக்காரியோ மக்கத்தாங்காய். அச்சில் என் பெயர்! நானே படிக்கிறேன்! மூன்று தடவை படித்தேன். நான்காம் தடவை ஆசை மிஞ்சி, நான் கண்டுபிடித்ததையும் பார்த்துவிடலாம் என்று கண்ணை மேலே ஏற்றினேன். விசிறி இருந்தது, என் குச்சி இருந்தது, குச்சி முனையில் வெறும் முடிச்சு இருந்தது. அடுப்புக்கரி மாதிரி ஒரு முடிச்சு.

பேசாமல் இருந்தால் பெயர் நிற்கும். காப்பியைக் கிளறிக்கொண்டே இருந்தேன், அது ஆறிப்போனது. ஆனால் படிக்கத் தெரிந்த பிறகு அந்த வரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மூன்று வருஷத்தையும்.

பிறகு சுவா, "எனக்கும் அன்னிக்கு ஒண்ணும் தெரியல. டாக்டரம்மா அழகுன்னாங்க, சரின்னுட்டேன்," என்றார். "கேப்டன் வாலைச் சொன்னாரே, அதான் நான் நம்பினேன்," என்றார் டாக்டரம்மா. "அழகுன்னு முதல்ல கத்தினது யாரு? நீங்கதானே!" என்றார் கேப்டன். "எங்க இருக்குன்னு தெரியாமத்தானே நான் முழு விசிறியையும் எடுத்தேன்!" மூவரும் பலகையில் மூக்கு முட்டக் குச்சி முனையைப் பார்த்தார்கள். "முடிச்சுதான், சந்தேகமே இல்ல," என்றார் கேப்டன். தன் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து அவர் வெளியே எடுக்கவே இல்லை. டாக்டரம்மா எதிரில் அதை அவர் போடுவதில்லை. அப்புறம் நால்வரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்து, ஆட்டுக்கறிக் குழம்பைச் சட்டியோடு காலி செய்தோம்.

கண்காட்சி நடுச்சுவரில் வேறு யாரோ எடுத்த இறால் தொங்கியது. பலகையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். தகரம் ஓட்டையான கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறேன், படமும் பெயரும் உள்பக்கம். கோழிகளாவது படிக்கட்டும். பெயர் போனதில் வருத்தம்தான், ஆனால் பொய் சொல்லாத மனிதனாகத் தூங்குகிறேன், அக்கா. உன் முழங்கால் வலி தீரட்டும், அத்தானின் வலையில் மீன் நிறையட்டும், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசி.

உன் தம்பி,
மக்காரியோ

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் என் கண்ணுக்கென்று அளந்து செய்யச் சொல்லியிருந்த கண்ணாடி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு முட்டை எடுக்கக் கூண்டுக்குள் தலையை விட்டேன், அப்படியே அண்ணாந்து பார்த்தேன். குச்சி முனையில் இருப்பது முடிச்சுதான். ஆனால் அதற்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கண். கண்ணுக்குக் கீழே ஒரு மூக்கு, பிள்ளைகளைச் சுமக்கும் தொப்பை, சுருட்டிய வால். கேப்டன் சொன்ன அதே வால். சுவா சொன்னபடி முறைக்கவும் செய்கிறது, ஆனால் சுவாவை அல்ல, என் குச்சியை. இல்லாததைக் காட்டினேன் என்று ஊரறிய ஒப்புக்கொண்டாகிவிட்டது, இப்போது இருக்கிறது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை மூவரும் வருகிறார்கள். பலகையைக் கழுவி வைத்திருக்கிறேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்று முதலில் சொல்பவர் யார் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.