ரோகிணிக்கு நெட்டை கிளாஸ்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் லாட்ஜ் ஹாலில் ஞாயிறு காலை பத்து மணிக்கே நிற்க இடமில்லை. பாகாலாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், சந்திரகிரியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்கள், திருப்பதியில் மொட்டை போட்டுச் சந்தனம் காய்வதற்குள் வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே கவலை. எந்த கிளாஸில் பீர் குடித்தால் ஈரல் பிழைக்கும்?

விடை சொல்லத்தான் கிளாஸ் சாமி இருக்கிறாரே. பழைய பெயர் ஹரிபாபு. இடுப்பு வரை சடை, அதில் எண்ணெய் வழியும். கோதுமை பீருக்கு உயரமான கிளாஸ், ஸ்ட்ராங் பீருக்கு வாய் குறுகியது என்று வெளிநாட்டில் பார்த்துப் பார்த்து ஊற்றுகிறார்கள். மணமும் நுரையும் நிற்பதற்காக. சாமி அதை எடுத்து நட்சத்திரத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார். ரோகிணிக்கு நெட்டை. மகத்துக்குக் குட்டை. பொருந்தாத கிளாஸில் நுரை நிற்காதாம். நிற்காத நுரை நேராக ஈரலில் இறங்குமாம். இறங்கும் வழியை அவர் மட்டும் பார்த்திருக்கிறார்.

முன்வரிசையில் கோவர்த்தனன், மாங்கூழ் ஆலையில் லோடுமேன். ஈரல் வீங்கியிருக்கிறது, இனி குடியைத் தொட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதமாகத் தொடவில்லை. இன்று தொடப்போகிறான். பக்கத்தில் மனைவி தேவயானி, அதே ஆலையில் பாட்டில் கழுவுபவள்.

"நட்சத்திரம்?"

"ரோகிணி, சாமி."

சாமி திருநீற்றைத் தொட்டு நெட்டை கிளாஸின் உள்ளே விரலால் ஒரு சுற்று சுற்றினார். பீர் ஊற்றினார்கள். நுரை கோபுரமாக நின்றது. பிறகு ஏதோ யோசனையோடு சடையைக் கோதினார். அதே விரலால் குட்டை கிளாஸில் ஒரு சுற்று. பீர் விழுந்ததும் நுரை சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது.

"சூசாவா நைனா? பாத்தியா? குட்டை கிளாஸ்தான் உன் ஈரலத் துன்னுக்கினு இருக்குது. நெட்டையில எவ்ளோ வேணா அடி. ஒண்ணும் ஆவாது."

கோவர்த்தனனின் கை நீண்டது. தேவயானி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருய்யா. சாமி, குட்டை கிளாஸ்ல இன்னொரு தபா காட்டுங்க."

"சந்தேகமாம்மா?"

"பக்தி சாமி. கிளாஸ நான் கழுவுறேன். நீங்க சோப்புப் போட்டுக் கையக் கழுவிக்கோங்க. அப்பால இத்த தலையில மாட்டிக்கோங்க." ஆலையில் கொடுக்கும் நீலத் தலையுறையைப் பையிலிருந்து எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"எங்க பேக்டரியில கூழுகிட்ட வர்ற சூப்பர்வைசரே மாட்டிக்கினுதான் வருவாரு. பீரு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

மொட்டைகள் சிரித்தன. சாமிக்குத் தப்ப வழியில்லை. அந்தச் சடைக்கு மூன்று உறை தேவைப்பட்டது.

கழுவிய கை. கழுவிய கிளாஸ். திருநீறு, சுற்று, பீர். ரோகிணிக்கு ஆகாத குட்டை கிளாஸில் நுரை நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

உறைக்குத் தப்பித் தொங்கிய சடை நுனியைத் தேவயானி தொட்டாள். அந்த விரலை நுரையில் வைத்தாள். நுரை படுத்தது.

"எண்ணெப் பிசுக்கு பட்டா எந்த நுரையும் நிக்காது. தெனம் பாட்டில் கழுவுறவளுக்குத் தெரியாதா? கிளாஸு மாறினா மணம் மாறும், நுரை மாறும். ஈரல் மாறாது."

கோவர்த்தனன் நெட்டை கிளாஸைத் தள்ளி வைத்தான். "அதனாலதான் டாக்டரு நட்சத்திரமே கேக்கல போல."

"அவரு ஸ்கேன் பாத்தாருய்யா. எழுந்து வா."

சாமி பின்வாசல் வழியாக ஓடியபோது உறைகளைக் கழற்ற மறந்திருந்தார். வேலூர் பஸ் ஏறினார் என்று கேள்வி. வேலூர்க்காரர்களே, நட்சத்திரம் கேட்டு ஒருவர் வந்தால் அவர் தலையை மூடச் சொல்லுங்கள். உங்கள் தலையைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.