மாட்டுச் சந்தை முறைப்படி ஒரு கல்லூரி சீட்

கல்லூரி சேர்க்கையைப் பற்றி விளக்குகிறவர்கள் கட் ஆஃப், ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ‘ரொம்ப ஈஸி’ என்பார்கள். அவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கட் ஆஃப் புரிந்தது. ரேங்க் என்றால் எனக்கு முன்னால் நிற்கிற கூட்டம், அதுவும் புரிந்தது. சாய்ஸ் ஃபில்லிங் என்பது வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போடுவது. அங்கேதான் அப்பா உள்ளே வந்தார்.

அப்பா முகையூர் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) பயிரிடுகிறவர். மாட்டுச் சந்தையில் அவரை ஏமாற்ற இன்னும் ஆள் பிறக்கவில்லை. எனக்கோ சென்னைக் கல்லூரி ஒன்றின் மேல் உயிர். என் ரேங்குக்கு அது தாராளமாகக் கிடைக்கும். விழுப்புரம் பிரவுசிங் சென்டரில் அதை முதலில் போடப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார்.

“புடிச்ச மாட்ட மொதல்ல காட்டுனா வெல ஏத்திடுவான் பாப்பா. வேணாங்கறத மேல போடு. அவன் எறங்கி வந்ததும் நம்மளத கேக்கலாம்.”

“சூப்பர்ப்பா!” என்றேன். (பள்ளியில் முதல் மாணவி நான் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.)

வேண்டவே வேண்டாத திண்டிவனம் கல்லூரி உச்சியில் ஏறியது. சென்னை அடியில் போனது. கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் காலியாக இருந்ததைக் கொடுத்துவிட்டது. திண்டிவனம்!

“வேற காலேஜுக்கு மாற அப்வேர்டுன்னு ஒண்ணு கீதாமே, அத அமுக்கு” என்றார் அப்பா.

அப்போதுதான் விதிமுறையைப் படித்தேன். “நம்ம வரிசைல இதுக்கு மேல இருக்கறதத்தான்பா குடுப்பாங்களாம். இதுக்கு மேல ஒண்ணுமே இல்ல.”

“அப்போ கீழ இருக்கறத கேளு.”

“கீழ போவ முடியாதுப்பா.”

“நாம பேசிக்கினு இருக்கசொல்லவே முடிச்சுட்டானா? இன்னா யாவாரி இவன்!”

சீட்டை வேண்டாம் என்று விட்டால் அடுத்த சுற்றில் என்ன மிஞ்சுமோ தெரியாது. வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

முட்டாள்தனம் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். பேரம் பேசத் தெரியாதது கம்ப்யூட்டரின் குறை. அந்தத் திண்டிவனம் கல்லூரியிலேயே வீம்புக்குப் படித்தேன், சென்னையில் வேலையும் வாங்கினேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

பிறகு கல்யாணத் தரகர் மாப்பிள்ளை போட்டோக்களைப் பரப்பினார். அம்மா முதல் வேலையாக அப்பாவைக் கொல்லைப்பக்கம் அனுப்பினாள். “நீ சொல்லுடி. புடிச்சவன மொதல்ல சொல்லு.” சொன்னேன்.

“நான்தான் இவளோட ஃபர்ஸ்ட் சாய்ஸ்” என்று என் கணவர் இன்றும் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்:

“திண்டிவனங்கூட ஃபர்ஸ்ட் சாய்ஸ்தான் மாப்ள.”